கேம்பர்வேனுக்கு லெஷர் பேட்டரி: லித்தியமா, ஈய-அமிலமா?

பாதையோரம் (லெஸ்டர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2018இல் பதிவான ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி6 டீசல் வேன் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கி, வார இறுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேம்பர்வேனாக மாற்றி வருகிறேன். சுவர்களுக்குள் வெப்பக்காப்பு வைத்து, பலகை அடித்து, மடக்கினால் படுக்கையாகும் பின்னிருக்கையையும் பொருத்தியாயிற்று. இப்போது மின்சார வேலையில் வந்து நிற்கிறேன். எஞ்சினை இயக்கும் பேட்டரியைத் தொடாமல், உள்ளே உள்ள சாதனங்களுக்கென்று தனியாக ஒரு லெஷர் பேட்டரி வைக்க வேண்டும். அது ஈய-அமில பேட்டரியாக இருக்கட்டுமா, லித்தியமாக இருக்கட்டுமா என்பதை மூன்று வாரமாக முடிவு செய்ய முடியவில்லை.

ஓட வேண்டிய சாதனங்கள் இவை: 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் (ஓடும்போது 45 வாட்), டீசல் ஹீட்டர், எல்.இ.டி. விளக்குகள், தண்ணீர் பம்ப், இரண்டு கைப்பேசி, ஒரு மடிக்கணினி. இவற்றோடு 500 வாட் சிறிய ரைஸ் குக்கர் ஒன்றையும் இன்வெர்ட்டரில் போட வேண்டும் என்பது என் மனைவியின் நிபந்தனை. கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் சரிவான தரையில் நிறுத்திய வேனில் அரிசி பொங்கி, கஞ்சி அடுப்புக்கும் பலகைக்கும் இடையே இறங்கிய அனுபவம் ஒருமுறையே போதும் என்கிறார்.

ஆண்டுக்கு நாற்பது இரவு போல வேனில் தங்குவோம். பெரும்பாலும் லேக் டிஸ்ட்ரிக்டிலோ வேல்ஸிலோ இரண்டு மூன்று இரவுகள். கோடையில் ஒருமுறை ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரும் பத்து நாள் பயணம். பாதி இரவுகளில் ஹூக்கப் (முகாமிடத்தில் தரும் மின் இணைப்பு) கிடைக்கும், பாதியில் கிடைக்காது. வீட்டுக்கு முன்னால் வேனை நிறுத்த இடமில்லை. தெருவில்தான் நிற்கும், ஆகவே வீட்டிலிருந்து வயர் இழுத்துச் சார்ஜ் போட வழியில்லை.

நான் பார்த்த விலைகளின்படி 110 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ஈய-அமில பேட்டரி சுமார் 110 பவுண்ட். 100 ஏ.ஹெச். லித்தியம் சுமார் 300 பவுண்ட். அதற்கு டிசி-டிசி சார்ஜர் (வேன் ஓடும்போது லெஷர் பேட்டரியை அதற்கேற்ற மின்னழுத்தத்தில் நிரப்பும் கருவி) கட்டாயம் என்பதால் இன்னொரு 200 பவுண்ட். 110 எங்கே, 500 எங்கே? மதுரையில் அப்பா வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி, அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியதைத் தவிர வேறு கவனிப்பே இல்லாமல் ஏழு ஆண்டுகள் உழைத்தது. அங்கே உழைத்தது இங்கே ஏன் உழைக்காது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கம்பிச்சுருள் (கவென்ட்ரி) எழுதியது:

வணக்கம். வேன்களுக்கு மின்சார வேலை செய்வதே என் பிழைப்பு. உங்களுடைய கேள்வி வாரம் ஒருமுறையாவது என் பட்டறைக்கு வந்துவிடும். விலைக்குப் போகும் முன் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுவோம்.

கோடையில் உங்கள் ஃபிரிட்ஜ் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் ஓடும் என்று கொண்டால் நாளுக்கு 35 ஏ.ஹெச். விளக்கு, பம்ப், கைப்பேசி எல்லாம் சேர்ந்து 7. மடிக்கணினியை ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்ய 6. ரைஸ் குக்கர் 25 நிமிடம் ஓடினால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 18. மொத்தம் 66 ஏ.ஹெச். குளிர்காலத்தில் ஃபிரிட்ஜின் செலவு குறையும், ஹீட்டரின் செலவு கூடும். அது பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் இழுத்துவிட்டு, பிறகு ஒன்று இரண்டு ஆம்பியரில் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய அதே செலவுதான்.

ஈய-அமில பேட்டரியில் 110 என்று எழுதியிருந்தாலும், பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால், உங்கள் கைக்கு வருவது 55 மட்டுமே. அதாவது ஒரு நாள்கூடத் தாங்காது. அந்த 110 என்ற எண்ணும் இருபது மணி நேரத்தில் மெதுவாக, 5.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. உங்கள் குக்கர் இழுப்பதோ 44, 45 ஆம்பியர். அந்த வேகத்திலேயே தொடர்ந்து எடுத்தால் அதே பேட்டரி 65 ஏ.ஹெச். பேட்டரியைப் போலத்தான் நடந்துகொள்ளும். மாலையில் பாதி வடிந்திருக்கும் நேரத்தில் குக்கரைப் போட்டால், மின்னழுத்தம் 11.5க்குக் கீழே இறங்கி, இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்து, சோறு அரைவேக்காட்டில் நிற்கும். லித்தியத்தில் 100 என்றால் 80, 90 வரை தாராளமாக எடுக்கலாம். குக்கர் ஓடும்போதும் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும்.

இனி உங்கள் விலைக் கணக்குக்கு வருகிறேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. டிசி-டிசி சார்ஜரை லித்தியத்தின் தலையில் மட்டும் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் வேன் யூரோ 6 (ஐரோப்பியப் புகை வரம்பு விதி) வகை. இந்த வேன்களின் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, சீரான வேகத்தில் போகும்போது மின்னழுத்தத்தை 12.5 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் உருளும்போதும் 15 வோல்ட் வரை ஏற்றும். பழைய வேன்களில் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கப் பயன்படுத்திய 30 பவுண்ட் ரிலே, 13 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் இணைப்பைக் கொடுக்கும், 12.8 போல இறங்கினால் பிரித்துவிடும். மோட்டார்வேயில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் லெஷர் பேட்டரி புறப்பட்டபோது இருந்த நிலையிலேயே இருக்கும். ஆகவே நீங்கள் ஈய-அமிலமே வாங்கினாலும் டிசி-டிசி சார்ஜர் வாங்கித்தான் ஆக வேண்டும். ஒப்பிட வேண்டியது 110ஐயும் 500ஐயும் அல்ல, 310ஐயும் 500ஐயும்.

அந்த 310இலும் ஒரு குறை உண்டு. 30 ஆம்பியர் சார்ஜரோடு இரண்டு மணி நேரம் ஓட்டினால் லித்தியத்துக்குள் ஏறக்குறைய 60 ஏ.ஹெச். போய்விடும், அதாவது ஒரு நாள் செலவு திரும்பிவிடும். ஈய-அமில பேட்டரி முதலில் ஆர்வமாக வாங்கும். நிரம்ப நிரம்ப, வயிறு நிறைந்த பிள்ளையைப் போல வாயை மூடிக்கொள்ளும். 80 விழுக்காட்டுக்குப் பிறகு மிச்சத்தை நிரப்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும், அதை விரைவுபடுத்த எந்தச் சார்ஜராலும் முடியாது. பத்து நாள் ஸ்காட்லாந்துப் பயணத்தில் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளும் அது முழுதாக நிரம்பாது. அரைகுறையாக நிரம்பிய நிலையில் நாள்கணக்கில் கிடக்கும்போது தகடுகளின்மேல் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிவிடும்; இறுகியது திரும்பக் கரையாது. மதுரையில் உங்கள் அப்பாவின் பேட்டரி ஏழு ஆண்டு உழைத்த ரகசியமும் இதுதான். அது நாள் முழுவதும் கரண்ட்டில் நிரம்பியே இருந்தது, மின்வெட்டின்போது மட்டும் கொஞ்சம் வடிந்தது, கரண்ட் வந்ததும் மறுபடியும் மணிக்கணக்கில் நிரம்பியது. தடித்த டியூபுலர் தகடும் துணை நின்றது. வேனில் எல்லாம் தலைகீழ்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 'லெஷர்' என்று ஒட்டி விற்கும் மலிவான பேட்டரிகளில் பல, உள்ளே மெல்லிய தகடு கொண்ட சாதாரண ஸ்டார்ட்டர் பேட்டரிகளே. உண்மையாகவே ஆழமாக வடியத் தாங்கும் 110 ஏ.ஹெச். பேட்டரி 25 கிலோவுக்குக் குறையாது. 20 கிலோதான் என்றால், காணாமல் போன 5 கிலோ ஈயத்துக்குப் பதில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

லித்தியத்துக்கு 3,000 சுழற்சி (ஒருமுறை வடிந்து நிரம்புவது ஒரு சுழற்சி) என்று விளம்பரம் செய்வார்கள். ஆண்டுக்கு நாற்பது இரவு போகும் உங்களுக்கு அது எழுபத்தைந்து ஆண்டு; அதற்குள் வேன் துருப்பிடித்துப் போயிருக்கும். அந்த எண்ணுக்காக வாங்காதீர்கள். விரைவாக நிரம்புகிறது, பாதி நிலையில் கிடந்தாலும் கெடுவதில்லை என்ற இரண்டுக்காக வாங்குங்கள். உங்கள் வேனுக்கும் உங்கள் பழக்கத்துக்கும் லித்தியம் என்பதே என் முடிவு.

வடலிக்காற்று (கார்டிஃப்) எழுதியது:

தம்பி, மேலே எழுதியவர் தொழில் தெரிந்தவர். அவருடைய கணக்கில் நான் குறை காண மாட்டேன். ஆனால் லித்தியம் இல்லாவிட்டால் பயணமே போக முடியாது என்ற எண்ணத்தோடு நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடக் கூடாது என்பதற்காக, மறுபக்கத்தில் இருந்தும் ஒருவர் எழுத வேண்டும் அல்லவா?

என்னுடையது 2008ஆம் ஆண்டு ஃபியட் டுகாட்டோ. பழைய ஆல்டர்னேட்டர் என்பதால் எளிய ரிலே போதுமானதாக இருக்கிறது. 14 ஆண்டுகளாக ஈய-அமிலப் பற்றரியோடுதான் ஓடுகிறோம். இப்போது இருப்பது மூன்றாவது. முதலாவது ஆறு ஆண்டுகள் உழைத்தது. இரண்டாவதை நானே கொன்றேன்: ஒக்டோபரில் பயணம் முடித்து வந்து, வடிந்த பற்றரியை அப்படியே விட்டுவிட்டு, மார்ச்சில் போய்ப் பார்த்தேன். நிரம்பிய பற்றரியின் அமிலக் கரைசல் இந்த நாட்டின் எந்தக் குளிரிலும் உறையாது. முழுதும் வடிந்ததோ சுழியத்துக்குக் கீழ் பத்துப் பாகையை நெருங்கும்போதே உறையக் கூடியது. பக்கச்சுவர் வீங்கி, மூடியின் ஓரம் வெடித்திருந்தது. அது பற்றரியின் குற்றமல்ல, என் சோம்பலின் குற்றம். அதற்குப் பிறகு கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்றைப் போட்டேன். டிசம்பரில் அதிலிருந்து நாளொன்றுக்கு நான்கைந்து ஏ.ஹெச். கிடைத்தாலே பெரிது; ஆனால் நிற்கும் வண்டியின் பற்றரியை நிரம்பிய நிலையில் வைத்திருக்க அதுவே போதும். தெருவில் நிறுத்தும் உங்களுக்கு, எந்தப் பற்றரி வாங்கினாலும் தகடு ஒன்று அவசியம் என்பேன்.

எங்கள் பழக்கம் உங்களுடையதைவிட வேறானது. ஓரிரவு வெளியில், மறு இரவு ஹூக்கப் என்று மாற்றி மாற்றித் தங்குவோம். ஹூக்கப் கிடைக்கும் இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பற்றரி நிரம்புகிறது. அதற்குத் தேவையான நேரத்தை அது அங்கே எடுத்துக்கொள்கிறது. சோறும் புட்டும் கேஸ் அடுப்பில்தான். இன்வெர்ட்டர் வாங்கவே இல்லை. மடிக்கணினிக்குக்கூட 12 வோல்ட்டில் நேரே செருகும் சார்ஜர்தான். ஒரு நாளைக்கு 35, 40 ஏ.ஹெச்.இற்கு மேல் செலவானது கிடையாது.

ஆகையால் உங்களிடம் ஒரு கேள்வி. அந்த ரைஸ் குக்கரை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 66, 48 ஆகிவிடும். பெரிய இன்வெர்ட்டரும் அதற்குரிய தடித்த கேபிளும் வேண்டாம். பொங்கி வழிவதுதான் கவலை என்றால், மூன்று லீட்டர் பிரஷர் குக்கர் ஒன்றை ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். இரண்டு விசிலோடு அடுப்பை நிறுத்திவிட்டால் கேஸும் மிச்சம். பழைய பற்றரியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார், ஈயத்துக்கு விலை உண்டு. ஒன்றே ஒன்று, தண்ணீர் ஊற்றும் வகையை வாங்கினால் வாயுக்குழாயை வேனின் தரை வழியாக வெளியே விட மறந்துவிடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன்.

பனிமூட்டம் (எடின்பரோ) எழுதியது:

லித்தியம் வாங்குவது என்று முடிவெடுத்தால், என் அனுபவத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், இருப்பதிலேயே விலை குறைந்த 100 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். விற்றவரின் பெயர் இங்கே தேவையில்லை. விற்பனைப் பக்கத்தில் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்து, ஆபத்தென்றால் துண்டிக்கும் உள் மின்னணு அமைப்பு) பாதுகாப்பு உள்ளது என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்தப் பாதுகாப்பில் குளிரும் அடங்குமா என்று நான் கேட்கவில்லை. அடங்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஜனவரியில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் அவீமோர் பக்கம் ஐந்து நாள் தங்கினோம். அறை எடுத்திருந்தோம், ஆகவே இரவில் வேன் வெளியே சும்மா நின்றது. காலையில் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு எஞ்சினை இயக்கினால், டிசி-டிசி சார்ஜர் உடனே 30 ஆம்பியரைப் பேட்டரிக்குள் தள்ளத் தொடங்கும். பேட்டரியின் உள் வெப்பநிலை அப்போது சுழியத்துக்குக் கீழ் மூன்று நான்கு டிகிரி இருந்திருக்கும். ஐந்து காலையும் இதுவே நடந்தது.

அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரியிலிருந்து எடுக்கலாம்; பெரும்பாலானவை சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரி வரைகூடக் கொடுக்கும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே உள்ளே செலுத்தக் கூடாது. லித்தியம் அயனிகள் எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். படிந்த லித்தியம் போனது போனதுதான். அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். வசந்தத்தில் ஷன்ட் மீட்டர் (பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் கருவி) போட்டு முழுதாக நிரப்பி முழுதாக வடித்துப் பார்த்தபோது 100க்குப் பதில் 71 ஏ.ஹெச். வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

இப்போது வைத்திருக்கும் பேட்டரியில் குளிர்ந்தால் சார்ஜைத் தானாகவே தடுக்கும் அமைப்பு இருக்கிறது. சிலவற்றில் வெப்பமூட்டும் தகடும் உள்ளேயே வருகிறது, விலை கூடும். உங்கள் டி6 வேனில் முன் இருக்கையின் அடியில் வைத்தால், ஹீட்டர் போட்டுத் தூங்கும் இரவுகளில் பிரச்சினையே வராது, உள்ளே 12, 15 டிகிரி இருக்கும். வேன் நாள்கணக்கில் ஆள் இல்லாமல் நிற்கும் காலம்தான் ஆபத்து. புறப்படும் நாளில் ஹீட்டரை ஒரு மணி நேரம் முன்னதாகப் போட்டு வேனைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. டிசி-டிசி சார்ஜரை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். கூரையில் உள்ள சோலார் பேனலோ உறைபனிக் காலையில் வெயில் பட்டதும் தன் வேலையைத் தொடங்கிவிடும். தடுப்பு பேட்டரியிலேயே இருந்தால் எந்த வழியாக வந்தாலும் தடுத்துவிடும் என்பதால், அதற்கு 60 பவுண்ட் கூடக் கொடுப்பதில் தயங்காதீர்கள்.

ஷன்ட் மீட்டரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈய-அமிலத்தில் சற்று ஓய்வாக விட்டு வோல்ட் மீட்டரைப் பார்த்தால் 12.7 நிரம்பியது, 12.2 பாதி என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். லித்தியத்தில் 70 விழுக்காட்டிலும் 40 விழுக்காட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்தான் தெரியும். மீட்டர் 13.1 காட்டுகிறதே என்று தைரியமாக இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும்.

பாதையோரம் (லெஸ்டர்) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டிசி-டிசி சார்ஜர் இரண்டுக்குமே வேண்டும் என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. கணக்கு முழுவதும் மாறிவிட்டது. வடலிக்காற்று ஐயா, பிரஷர் குக்கர் யோசனையை வீட்டில் முன்வைத்தேன். "விசில் சத்தத்தில் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் எழுந்து வந்துவிடுவார்கள்" என்ற பதிலோடு அது தள்ளுபடி ஆயிற்று.

ஆனால் இப்போது வேறொரு அச்சம் வந்திருக்கிறது. மின்சார சைக்கிளின் லித்தியம் பேட்டரி தீப்பிடித்த செய்திகளை மனைவி தொடர்ந்து படித்துவருகிறார். அதே பொருளை வைத்த வண்டிக்குள் பிள்ளையோடு படுத்து உறங்குவதா என்று கேட்கிறார். எனக்கும் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அத்துடன், எத்தனை வாட் இன்வெர்ட்டர் வாங்கலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்பிச்சுருள் (கவென்ட்ரி) எழுதியது:

தங்கையின் அச்சம் நியாயமானது; பெயர் ஒன்றாக இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். மின்சார சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை. சிறிய இடத்தில் அதிக ஆற்றலை அடைப்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அளவுமீறிச் சூடானால் அந்த ஆக்சைடே ஆக்சிஜனை வெளியிட்டு, தீக்குத் தானே காற்று ஊட்டும். வேனுக்கு விற்கப்படும் லெஷர் பேட்டரிகள் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வகை. இதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் பிரிந்து வராது. தீயே பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிடிக்கவைப்பது மிகக் கடினம், பிடித்தாலும் அந்த அளவு மூர்க்கம் இருக்காது. விற்பவரின் பக்கத்தில் 'இரும்பு பாஸ்ஃபேட்' என்று தெளிவாக இருக்கிறதா, பெயரளவு மின்னழுத்தம் 12.8 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல் தொடராக 12.8, வேறு எண் இருந்தால் ஏனென்று கேட்க வேண்டும்.

நம்மவர் ஒருவரின் பங்கும் இதில் இருப்பதால் சொல்கிறேன். ஆக்சைடுக்குப் பதில் சல்ஃபேட், பாஸ்ஃபேட் போன்ற கூட்டயனிகளை நேர்முனையில் பயன்படுத்தலாம் என்ற வழியை 1980களில் விஞ்ஞானி ஜான் குடினஃபோடு சேர்ந்து திறந்துவைத்தவர், தமிழ்நாட்டில் பிறந்து மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம். இரும்பு பாஸ்ஃபேட் 1990களில் குடினஃபின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்தது. 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருடைய சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவரும் மந்திரம்தான். வீட்டில் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் மனம் இளகலாம்.

உண்மையில் நான் பழுதுபார்க்க வந்த வேன்களில் கருகியிருந்தவை பேட்டரிகள் அல்ல, கேபிள்கள். லித்தியம் பேட்டரியின் உள் தடை மிகக் குறைவு. ஒரு ஸ்பேனர் தவறி இரு முனைகளையும் தொட்டால் பாயும் மின்னோட்டம் ஆயிரம் ஆம்பியரைத் தாண்டும். ஆகவே நேர்முனையிலிருந்து முடிந்தவரை அருகிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். எஞ்சின் பேட்டரியிலிருந்து வரும் கேபிளுக்கு இரு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும், ஏனென்றால் மின்சாரம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரக்கூடியது. போய்வர மொத்தம் பத்து மீட்டர் கேபிளில் 30 ஆம்பியர் ஓடினால், 16 சதுர மில்லிமீட்டர் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு வோல்ட் இழப்பு. 10 தடிப்பில் அரை வோல்ட். நான் 16ஐத்தான் போடுவேன். அதோடு, டிசி-டிசி இல்லாமல் லித்தியத்தை நேரே ஆல்டர்னேட்டரோடு கட்டும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுத்துக் கொடுத்தே ஆல்டர்னேட்டர் வெந்துவிடும்.

இன்வெர்ட்டர் 1,000 வாட் போதும். 100 ஏ.ஹெச். பேட்டரிகள் பலவற்றில் பி.எம்.எஸ். 100 ஆம்பியரோடு நிறுத்திவிடும். 1,000 வாட் எடுக்கும்போதே 89 ஆம்பியர் ஓடும். 2,000 வாட் வாங்கி அதில் வீட்டுக் கெட்டிலைப் போட்டால், தண்ணீர் கொதிப்பதற்குள் பேட்டரியே தன்னை அணைத்துக்கொள்ளும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் வேனை மாற்றியமைத்த விவரத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வடலிக்காற்று ஐயா சொன்னதில் ஒன்று முழுக்க சரி. உங்களுடையது 2008ஆம் ஆண்டு வேனாக இருந்து, குக்கரும் இல்லாதிருந்தால், நானும் 110 பவுண்ட் பேட்டரியையே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

பாதையோரம் (லெஸ்டர்) எழுதியது:

லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் என்று முடிவாகிவிட்டது. முன் இருக்கையின் அடிப்பெட்டியை அளந்தேன். 353 × 175 × 190 மில்லிமீட்டர் உறையில் வரும் 100 ஏ.ஹெச். பேட்டரி அதில் சரியாக அமர்கிறது. 0 டிகிரிக்குக் கீழ் சார்ஜைத் தடுக்கும் வசதி உள்ளதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, ஆம் என்ற பதில் வந்த பிறகே பணம் கட்டினேன். பேட்டரி 345 பவுண்ட், 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் 190, ஷன்ட் மீட்டர் 75, இன்வெர்ட்டர் 120. கேபிள், ஃப்யூஸ், முனைகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 70. நான் நினைத்த 500, எண்ணூறு ஆகிவிட்டது. 175 வாட் சோலார் பேனலை அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நேற்று பெட்டி வந்ததும் குளியலறை எடைக்கருவியில் வைத்துப் பார்த்தேன், 11.6 கிலோ. பிள்ளையைத் தூக்குவதைவிட எளிதாக இருக்கிறது. இணைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

கம்பிச்சுருள் (கவென்ட்ரி) எழுதியது:

உண்டு. கடையிலிருந்து வரும்போது அது பாதியளவே நிரம்பியிருக்கும். லித்தியத்துக்கான அமைப்பில் 14.2 முதல் 14.4 வோல்ட் வரை ஏற்றி, மின்னோட்டம் ஓரிரண்டு ஆம்பியருக்கு இறங்கும் வரை முழுதாக நிரப்புங்கள். அதன் பிறகு ஷன்ட் மீட்டரில் 100 விழுக்காடு என்று பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் மீட்டர் முதல் நாளிலிருந்தே தவறாக எண்ணும். சாதனங்களின் எதிர்முனையிலிருந்து வரும் எல்லா வயர்களும் ஷன்ட்டைத் தாண்டிய பக்கத்தில்தான் சேர வேண்டும். பேட்டரியின் எதிர்முனையில் நேரடியாக ஒரே ஒரு வயரை, அது ஃபிரிட்ஜின் வயராக இருந்தாலும், கட்டிவிட்டால் அந்தச் செலவு மீட்டருக்குத் தெரியாமலே போகும். முனைகளின் போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிட்டு, முதல் இருநூறு மைல் ஓடிய பிறகு மறுபடியும் ஒருமுறை சரிபாருங்கள்.